உங்க போனோட சிங்க் சேவை மூடப்போகுதா? நம்பர்களையும் போட்டோக்களையும் இப்படிக் காப்பாத்துங்க!

விருதுநகரில் இருக்கும் என் பெரியம்மா போன வருஷம் ஒருநாள் காலையில் போன் செய்தார். "ஏய்யா, புது போன்ல பாதிப் பேரைக் காணோம்யா. மஞ்சு நம்பர் இல்ல, கேஸ்காரத் தம்பி நம்பர் இல்ல. பெரியப்பா போட்டோ ஒண்ணுகூட வரல." என் நம்பர் மட்டும் அவருக்கு மனப்பாடம் என்பதால் தப்பித்தேன்.

பெரியம்மா வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுப்பவர். அவருடைய கஸ்டமர்கள் எல்லாம் அந்த போனில்தான் இருந்தார்கள். பெரியப்பா இறந்து நான்கு வருஷம் ஆகிறது. என்ன நடந்தது என்று துருவிப் பார்த்தால், பழைய போனைத் தயாரித்த கம்பெனி தன்னுடைய கிளவுட் சேவையையே நிறுத்தியிருந்தது. 'இந்தத் தேதிக்குள் உங்கள் தகவல்களை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று பல மாதங்களாக ஆங்கிலத்தில் நோட்டிஃபிகேஷன் வந்திருக்கிறது. பெரியம்மா ஒவ்வொரு முறையும் 'ஓகே' அழுத்தியிருக்கிறார். நம்மில் எத்தனை பேர் அதைப் படித்திருப்போம், சொல்லுங்க?

இது ஏதோ ஒரு கம்பெனி செய்த அபூர்வமான காரியம் இல்லை. நோக்கியா காலத்தில் 'சிங்க்எம்எல்' என்றொரு பொதுவான முறை இருந்தது. அதை நம்பி போன் நம்பர்களைச் சேமித்துத் தரும் இலவச சேவைகள் நிறைய முளைத்தன. டென்மார்க்கின் 'ஸிப்' அதில் ஒன்று. 2008-ல் அதை வோடஃபோன் வாங்கியது, சில வருஷங்களில் அந்தக் கடையே மூடப்பட்டது. கூகுளும் சிங்க்எம்எல் ஆதரவை 2013 ஜனவரி 30-ம் தேதியோடு நிறுத்தியது. காசு வாங்கிக்கொண்டு நடத்திய சேவையும் தப்பவில்லை. வருஷத்துக்கு 99 டாலர் வசூலித்த ஆப்பிளின் 'மொபைல்மீ' 2012 ஜூன் 30-ல் முடிந்தது. ஐகிளவுடுக்கு மாறியவர்களுக்கு மெயில், காலண்டர், தொடர்புகள் மாறின. போட்டோ கேலரியும் ஃபைல்களும் தானாக மாறவில்லை.

அண்மைக்கால உதாரணங்களும் உண்டு. சாம்சங் தன் கிளவுடில் கேலரி சிங்க்கை 2021-ல் நிறுத்தி, பயனாளர்களை மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவுக்கு அனுப்பியது. ஷாவ்மி 2023-ல் கேலரி சிங்க்கை நிறுத்தி கூகுள் போட்டோஸைக் கைகாட்டியது. அந்த கூகுள் போட்டோஸே 2021 ஜூன் 1-ம் தேதியிலிருந்து 'அளவில்லா இலவசம்' என்ற சலுகையை நிறுத்திவிட்டது. சேவை மூடப்படாமலேயே விதி மாறுவதும் ஒருவகை மூடல்தான்.

சிங்க் வேறு, பேக்கப் வேறு

இந்த இரண்டையும் ஒன்று என்று நினைப்பதுதான் பெரிய சிக்கல். பீரோவில் வீட்டுப் பத்திரத்தின் ஜெராக்ஸ் வைத்திருக்கிறீர்கள் என்றால் அது பேக்கப். அசலில் தண்ணீர் கொட்டினாலும் ஜெராக்ஸுக்கு ஒன்றும் ஆகாது. சிங்க் என்பது கண்ணாடி மாதிரி. இந்தப் பக்கம் எது மாறுகிறதோ அது அந்தப் பக்கமும் மாறும். போனில் ஒரு நம்பரை அழித்தால் சர்வரிலும் அழியும். கூகுள் போட்டோஸ் ஆப்பில் 'இடம் இல்லையே' என்று பேக்கப் ஆன போட்டோவை டெலிட் செய்தால், போனில் மட்டும் அல்ல, கிளவுடிலும் போய்விடும். போனில் மட்டும் இடம் வேண்டும் என்றால் அதிலேயே இடத்தைக் காலி செய்யும் தனி ஆப்ஷன் இருக்கிறது. அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

தவறுதலாக அழித்துவிட்டால் உடனே பதறாதீங்க. பேக்கப் ஆன போட்டோ கூகுள் போட்டோஸின் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும். கூகுள் தொடர்புகளில் அழித்தது 30 நாள் வரை இருக்கும். அதற்குள் மீட்டுவிடலாம். அதன்பிறகு யாரிடம் கேட்டும் பயனில்லை.

மூடப்போறோம்னு அறிவிப்பு வந்துட்டா?

முதலில், எடுத்துக்கொள்ளக் கடைசித் தேதி எது என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டு தேதிகள் இருக்கும். ஒன்று, சிங்க் நிற்கும் நாள். இன்னொன்று, சர்வரில் இருப்பதை அழிக்கும் நாள். நடுவில் இருக்கும் காலம்தான் உங்களுக்கான அவகாசம்.

அடுத்தது, பழைய போன். இதை அழுத்தியே சொல்கிறேன், பழைய போனைத் தூக்கிப் போடாதீங்க, எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீங்க. பெரியம்மாவின் பழைய போன் டிஸ்ப்ளே உடைந்து மேசை டிராயரில் கிடந்தது. அதைச் சார்ஜ் போட்டு, ஆன் ஆனதும் ஏரோபிளேன் மோடில் வைத்தோம். ஏன் தெரியுமா? நெட் கிடைத்ததும் போன் சர்வரோடு பேசும். அங்கே எல்லாம் அழிந்திருந்தால், அக்கவுன்ட் லாக்அவுட் ஆனால், போனில் மிச்சம் இருப்பதும் சேர்ந்து போய்விட வாய்ப்பு உண்டு. நெட்டே இல்லாமல் தொடர்புகள் ஆப்பில் 'எக்ஸ்போர்ட்' கொடுத்தோம். எல்லா நம்பர்களும் 'விசிஎஃப்' என்ற ஒரே ஃபைலாக வந்துவிட்டது. யூஎஸ்பி வயரில் லேப்டாப்புக்கு மாற்றினோம். மஞ்சுவும் கேஸ்காரத் தம்பியும் கிடைத்துவிட்டார்கள்.

அந்த விசிஎஃப் ஃபைல்தான் இந்தக் கட்டுரையிலேயே எனக்குப் பிடித்த விஷயம். ஆண்ட்ராய்டு, ஐபோன், கம்ப்யூட்டர் எல்லாமே அதைப் படிக்கும். பல நூறு நம்பர்கள் இருந்தாலும், தொடர்புகளுக்கு வைத்த படங்கள் சேராதவரை, ஃபைல் ஒரு போட்டோ அளவுகூட இருக்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மெயிலுக்கே அனுப்பி வைத்துக்கொண்டால் போதும்.

நம்பர்களை எங்கே வைப்பது?

உங்க போனில் புது நம்பர் சேமிக்கும்போது அது எங்கே போகிறது என்று பார்த்திருக்கீங்களா? சிம், போன், போன் கம்பெனியின் அக்கவுன்ட், கூகுள் அக்கவுன்ட் என்று நான்கு இடங்களில் எதிலாவது போகலாம். பலருக்கு நான்கிலும் சிதறிக் கிடக்கும். சிம்மில் வைப்பது இந்தக் காலத்துக்கு ஒத்துவராது. பொதுவாக 250 பெயர் அளவுக்குத்தான் இடம், அதுவும் பெயரும் நம்பரும் மட்டும்தான். போனிலேயே வைத்தால், போன் தொலைந்தால் எல்லாம் தொலைந்தது. கம்பெனி அக்கவுன்டில் வைத்தால், அடுத்த முறை வேறு பிராண்ட் போன் வாங்கும்போது திண்டாட்டம்.

ஆண்ட்ராய்டுக்காரர்களுக்கு கூகுள் அக்கவுன்ட்தான் வசதி. தொடர்புகள் ஆப்பின் செட்டிங்ஸில் புது நம்பர்கள் எந்த அக்கவுன்டில் சேர வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். ஐபோனிலும் கூகுள் அக்கவுன்டைச் சேர்க்க முடியும். இரண்டு வகை போனும் இருக்கும் வீட்டுக்கு இது நல்லது. கூகுளே வேண்டாம் என்பவர்கள் நெக்ஸ்ட்கிளவுட் மாதிரியான திறந்த மென்பொருளில் சொந்தமாக சர்வர் வைத்து, 'டாவ்எக்ஸ்5' ஆப் மூலம் போனோடு இணைக்கலாம். ஆனால், அதைப் பராமரிக்க வீட்டில் ஆர்வமுள்ள ஒருத்தர் வேண்டும். அவர் ஊருக்குப் போய்விட்டால் கஷ்டம்தான்.

'எல்லா நம்பரையும் பேக்கப் எடுத்துத் தருகிறோம்' என்று வரும் பெயர் தெரியாத ஆப்களிடம் மட்டும் போகாதீங்க. உங்க போன் புக்கில் இருப்பது உங்க தகவல் மட்டும் அல்ல, இன்னும் பல நூறு பேருடையது.

போட்டோக்கள்தான் பெரிய தலைவலி

நம்பர்கள் ஒரு சின்ன ஃபைலில் முடிந்துவிடும். போட்டோவும் வீடியோவும் அப்படி இல்லை. கூகுள் தரும் 15 ஜிபி இலவச இடம் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. அது நிறைந்தால் உங்களுக்கு மெயிலே வராது. அளவைத் தாண்டி இரண்டு வருஷம் அப்படியே விட்டால், இருப்பதை கூகுள் அழிக்கலாம் என்று விதியே இருக்கிறது. ஐகிளவுடும் ஒன்டிரைவும் இலவசமாகத் தருவது 5 ஜிபி மட்டும். ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தாலே காலி.

ஆகவே, மாதக் கட்டணம் கட்டுவதா என்ற கேள்வி வரத்தான் செய்யும். என் கருத்து, அதிகம் போட்டோ எடுக்கும் குடும்பத்துக்கு 100 ஜிபி திட்டம் ஒன்று நியாயமான செலவுதான். மொபைல் கம்பெனிகள் தரும் இலவச சலுகையை மட்டும் கவனமாகப் பாருங்க. 2025 மே மாதம் ஏர்டெல் தன் போஸ்ட்பெய்டு, வைஃபை வாடிக்கையாளர்களுக்கு 100 ஜிபி கூகுள் ஒன் இடத்தை ஆறு மாதம் இலவசமாகத் தருவதாக அறிவித்தது. ஆறு மாதம் கழித்து மாதக் கட்டணம் உண்டு. அதற்குள் 60 ஜிபி ஏற்றிவிட்டால், பிறகு கட்டணம் கட்ட வேண்டும், இல்லை இறக்கி வைக்க இடம் தேட வேண்டும்.

தனியுரிமை முக்கியம் என்பவர்கள் 'எண்டே' என்ற சேவையைப் பார்க்கலாம். மலையாளத்தில் 'என்னுடைய' என்று பொருள். போட்டோ போனிலேயே பூட்டப்பட்டுத்தான் சர்வருக்குப் போகும், நடத்துபவர்களாலும் பார்க்க முடியாது. பாஸ்வேர்டையும் மீட்புச் சாவியையும் நீங்கள் தொலைத்தால் அவர்களாலும் உதவ முடியாது என்பது இதன் மறுபக்கம்.

ஒரு சேவையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது இப்போது கொஞ்சம் எளிது. ஐகிளவுட் போட்டோக்களின் நகலை நேராக கூகுள் போட்டோஸுக்கு அனுப்பும் வசதியை ஆப்பிள் 2021-ல் தந்தது. எதிர்ப்பக்கம் மாறும் வசதி 2024-ல் வந்தது. கம்ப்யூட்டருக்கு மொத்தமாக இறக்க 'கூகுள் டேக்அவுட்' இருக்கிறது. அதில் இரண்டு விஷயம் கவனிங்க. டவுன்லோட் லிங்க் ஒரு வாரம் போலத்தான் வேலை செய்யும். இன்னொன்று, போட்டோவின் தேதி, இடம் போன்ற விவரங்கள் தனிச் சின்ன ஃபைல்களாக வரும். 'இது என்ன குப்பை' என்று அவற்றை அழித்துவிடாதீங்க.

எந்த சேவையில் வைத்தாலும் ஒரு நகல் உங்க கையில் இருக்கட்டும். வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கி, தீபாவளிக்கு ஒருமுறை, பொங்கலுக்கு ஒருமுறை என்று நாள் வைத்துக்கொண்டு காப்பி செய்யலாம். பென் டிரைவை மட்டும் நம்பி வருஷக்கணக்கில் பூட்டி வைக்க வேண்டாம், மின்சாரமே படாமல் கிடந்தால் அதிலுள்ள தகவல் மெல்லக் கெடக்கூடும். போனிலிருந்து வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நடுவில் எந்தக் கம்பெனியும் இல்லாமல் சிங்க் செய்ய 'சிங்க்திங்' என்ற இலவச மென்பொருள் நன்றாக இருக்கும். வேடிக்கை என்னவென்றால், அதன் அதிகாரப்பூர்வ ஆண்ட்ராய்டு ஆப்பே 2024 டிசம்பரோடு நின்றுபோனது! மென்பொருள் திறந்த மூலம் என்பதால் வேறு சிலர் அதன் கிளையைத் தொடர்ந்து நடத்துகிறார்கள்.

வாட்ஸ்அப்புக்கு வருவோம். ஆண்ட்ராய்டில் அதன் பேக்கப் முன்பு கூகுள் இடத்தில் கணக்கில் வராது. 2024 முதல் அதுவும் 15 ஜிபியில் சேர்ந்துவிட்டது. 'குட்மார்னிங்' வீடியோக்களை அழிக்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. பழைய ஆண்ட்ராய்டிலிருந்து புது ஆண்ட்ராய்டுக்கு மாறுகிறீர்கள் என்றால், கிளவுடே இல்லாமல் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து நேரடியாகச் சாட்டை மாற்றலாம். வாட்ஸ்அப்பில் வரும் போட்டோக்கள் கூகுள் போட்டோஸில் தானாக ஏறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஃபோல்டரை நீங்களே தேடி ஆன் செய்ய வேண்டும்.

நோட்ஸ் ஆப்களும் நிரந்தரம் இல்லை. மைக்ரோசாஃப்ட் வாங்கிய 'வுண்டர்லிஸ்ட்' 2020 மே 6-ல் மூடப்பட்டது. எவர்நோட் 2023 டிசம்பரில் இலவசக் கணக்கை 50 குறிப்போடு நிறுத்தியது. எக்ஸ்போர்ட் வசதி இருக்கும் ஆப்பை மட்டும் தேர்ந்தெடுங்க.

ஒரு எச்சரிக்கை. சேவை மூடப்படும் செய்தி வரும்போது மோசடிக்காரர்களும் கிளம்பிவிடுவார்கள். 'உங்கள் போட்டோக்கள் இன்று அழியும், இந்த லிங்க்கில் பாஸ்வேர்டு போடுங்கள்' என்று எஸ்எம்எஸ் வந்தால் தொடாதீங்க. செட்டிங்ஸுக்குள் போய் நேரடியாகப் பாருங்க. பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழைக்கணும்.

பெரியம்மா கதைக்கு வருகிறேன். நம்பர்கள் கிடைத்தன, போட்டோக்கள் முழுசாகக் கிடைக்கவில்லை. பழைய போனில் இடம் போதாமல் பல படங்களின் சின்ன வடிவம் மட்டும்தான் இருந்தது, அசல் சர்வரில் இருந்து, போயே போய்விட்டது. சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்களில் தேடிக் கொஞ்சம் அனுப்பினார்கள். பெரியப்பாவின் ஜிமெயில் ஞாபகம் வந்தது. பாஸ்வேர்டு அவர் டைரியில் இருந்தது, ஆனால் அக்கவுன்டே இல்லை. இரண்டு வருஷம் யாரும் திறக்காத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் அழித்து வருகிறது.

அதனால் அன்றைக்கே பெரியம்மாவின் கூகுள் கணக்கில் 'செயலற்ற கணக்கு நிர்வாகி' என்ற பகுதியைத் திறந்தோம். 3, 6, 12, 18 மாதம் என எவ்வளவு காலம் கணக்கு சும்மா கிடந்தால், யாருக்குத் தகவலும் நகலும் போக வேண்டும் என்று அங்கே எழுதி வைக்கலாம். 10 பேர் வரை சேர்க்கலாம். ஐபோனில் இதற்கு 'லெகசி கான்டாக்ட்' என்று பெயர். பெரியம்மா 12 மாதம் வைத்தார், என் பெயரையும் அக்காவின் பெயரையும் போட்டார். பிறகு, "சரிய்யா, அந்த உடஞ்ச போனை மட்டும் எங்கிட்டயே குடுத்துரு" என்று வாங்கி, மறுபடியும் டிராயரில் வைத்துக்கொண்டார்.