குழந்தைப்பருவ மறதி

குழந்தைப்பருவ மறதி என்பது, வளர்ந்த ஒருவரால் தம் வாழ்வின் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளில் நடந்தவற்றை நினைவுகூர முடியாமல் போவதைக் குறிக்கும் உளவியல் சொல். இது நோயன்று, மூளையில் அடிபட்டதால் வருவதும் அன்று. நல்ல உடல்நலத்தோடு வளர்ந்த எல்லாரிடமும் காணப்படுவது. இரண்டு வயதுக்கு முன் நடந்த எதுவும் பெரும்பாலோருக்கு நினைவில் இருப்பதில்லை. அதற்குப் பிறகு ஆறு, ஏழு வயது வரையிலான நினைவுகளும் ஆங்காங்கே துண்டு துண்டாகவே கிடைக்கின்றன. மேற்கத்திய நாடுகளில் நடந்த ஆய்வுகளில், ஒருவருக்கு இருக்கும் மிகப் பழைய நினைவின் சராசரி வயது மூன்றுக்கும் மூன்றரைக்கும் இடையில் அமைகிறது.

பச்சைக் குழந்தைக்கு எதையும் நினைவில் வைக்கத் தெரியாது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. கடந்த அரை நூற்றாண்டுச் சோதனைகள் அந்த நம்பிக்கையைத் தகர்த்துவிட்டன. கைக்குழந்தை கற்கிறது, நினைவிலும் வைக்கிறது. வளர வளரத்தான் அந்த நினைவு கைநழுவுகிறது. நினைவு உருவாகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்த ஆய்வாளர்கள், உருவான நினைவு எங்கே போகிறது என்று இப்போது கேட்கிறார்கள்.

எது மறக்கிறது

நினைவு ஒரே வகையானது அன்று. கனடா உளவியலாளர் எண்டல் டல்விங் 1972இல் இரண்டு வகைகளைப் பிரித்துக் காட்டினார். காக்கை கறுப்பு, நெருப்பு சுடும் என்பன போன்ற பொது அறிவு பொருள் நினைவு. இன்ன நாளில், இன்ன இடத்தில், எனக்கு இது நடந்தது என்பது நிகழ்வு நினைவு. நடப்பது, சைக்கிள் ஓட்டுவது போன்ற பழக்கங்களைச் சுமக்கும் செயல் நினைவு இவ்விரண்டுக்கும் வேறானது.

குழந்தைப்பருவ மறதி பறித்துக்கொள்வது நிகழ்வு நினைவை மட்டுமே. ஒன்றரை வயதில் கற்ற நடை மறப்பதில்லை. 'தண்ணி' என்ற சொல்லும் மறப்பதில்லை. முதல் அடி எடுத்து வைத்த அந்த நாள்தான் மறந்துபோகிறது.

பொருள் நினைவும் நிகழ்வு நினைவும் மூளையில் ஓரளவு தனித்தனியே இயங்குகின்றன என்பதற்கு இலண்டனில் ஃபரானே வர்கா-காதெம் குழுவினர் 1997இல் வெளியிட்ட ஆய்வு வலுவான சான்று. மூளையின் நினைவுப் பகுதியான ஹிப்போகாம்பஸ் பிறப்பின்போதோ சிறுவயதிலோ பழுதடைந்த மூன்று இளையோரை அவர்கள் ஆராய்ந்தார்கள். மூவரும் பொதுப் பள்ளியில் படித்து, எழுதப் படிக்கக் கற்று, உலக அறிவும் பெற்றிருந்தார்கள். ஆனால் அன்று காலையில் என்ன நடந்தது என்று கேட்டால் அவர்களால் சொல்ல முடியவில்லை.

ஆய்வு வரலாறு

முதல் நினைவு பற்றிய கேள்வித்தாள்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் தொடங்கின. அமெரிக்காவில் கரோலின் மைல்ஸ் திரட்டிய விடைகளில் சராசரி வயது ஏறத்தாழ மூன்று. பிரான்சில் விக்டர் ஆன்றி, கேத்தரின் ஆன்றி இணையர் 123 பேரிடம் விடை பெற்றார்கள். அவர்கள் திரட்டியதை சிக்மண்ட் ஃபிராய்ட் 1899இல் எடுத்துப் பேசினார். சிறுவயது மறதி என்ற கருத்தை 1905இல் வெளிவந்த தம் நூலில் விரித்துரைத்த அவர், மனம் ஏற்க மறுக்கும் பாலியல் உணர்வுகள் உள்ளே அமுக்கப்படுவதே இதற்குக் காரணம் என்றார். அந்த விளக்கத்தை இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. மறதி எல்லாரிடமும் இருக்கிறது என்ற கவனிப்பும், அதற்கு விளக்கம் தேவை என்ற வற்புறுத்தலும்தான் அவருடைய பங்களிப்பாக நிற்கின்றன.

கைக்குழந்தையின் நினைவு

பேச்சு வராத குழந்தையிடம் 'நினைவிருக்கிறதா?' என்று கேட்க முடியாது. இந்தத் தடையைத் தாண்டியவர் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரோலின் ரோவி-காலியர். 1960களில், முனைவர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்த நாட்களில், ஓயாமல் அழும் தம் கைக்குழந்தையைச் சமாளிக்க அவர் ஒரு வழி கண்டார். தொட்டிலுக்கு மேலே தொங்கும் பொம்மைக் கொத்துக்கும் குழந்தையின் கணுக்காலுக்கும் ஒரு நாடாவைக் கட்டினார். கால் உதைத்தால் பொம்மை ஆடும். சில நிமிடங்களில் குழந்தைக்குச் சூட்சுமம் பிடிபட்டது. அழுகையை விட்டு உதைக்கத் தொடங்கியது.

வீட்டு உபாயம் ஆய்வு முறையாயிற்று. முதலில் நாடாவைப் பொம்மையோடு இணைக்காமல், குழந்தை இயல்பாக எத்தனை முறை உதைக்கிறது என்று எண்ணுவார்கள். பிறகு இணைத்துக் கற்க விடுவார்கள். சில நாட்கள் கழித்து அதே பொம்மையைத் தொங்கவிட்டு, நாடாவை இணைக்காமலே மீண்டும் எண்ணுவார்கள். உதை கூடியிருந்தால் நினைவிருக்கிறது என்று பொருள். மூன்று மாதக் குழந்தைக்கு ஏறத்தாழ ஒரு வாரமும், ஆறு மாதக் குழந்தைக்கு இரண்டு வாரமும் நினைவு நின்றது. சற்றுப் பெரிய குழந்தைகளுக்கு, விசையை அழுத்தினால் ஓடும் பொம்மை ரயில் பயன்பட்டது. பதினெட்டு மாதத்தில் நினைவு 13 வாரம் நீடித்தது. மறந்துவிட்ட குழந்தைக்கும், சோதனைக்கு முந்தைய நாள் பொம்மை ஆடுவதைச் சற்றே காட்டினால் போதும், பழைய உதை திரும்பியது. நினைவு அடியோடு அழியவில்லை, எட்டாத இடத்தில் இருக்கிறது என்ற எண்ணத்துக்கு இந்தச் சோதனையும் ஒரு வித்து.

2025இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வு மூளைக்குள்ளேயே பார்த்தது. நிக் டர்க்-பிரவுன் குழுவினர், 4 முதல் 25 மாதம் வரையிலான 26 குழந்தைகளுக்குப் படங்களைக் காட்டி, விழித்திருக்கும்போதே அவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். ஒரு படத்தை முதன்முதலில் பார்க்கும்போது ஹிப்போகாம்பஸ் எவ்வளவு செயல்பட்டதோ, அவ்வளவுக்குக் குழந்தை பின்னர் அந்தப் படத்தை அடையாளம் கண்டு நோக்கியது. ஒரு வயதைத் தாண்டிய குழந்தைகளிடம் இது தெளிவாகத் தெரிந்தது.

நினைவு எப்போது கழன்று விழுகிறது என்பதை பாட்ரிசியா பவர், மரினா லார்கினா இருவரும் 2014இல் காட்டினார்கள். மூன்று வயதில் தாயோடு பேசிய நிகழ்ச்சிகளைப் பிற்பாடு அந்தக் குழந்தைகளிடமே கேட்டபோது, ஐந்து முதல் ஏழு வயதினர் 60 விழுக்காட்டுக்கு மேல் நினைவுகூர்ந்தார்கள். எட்டு, ஒன்பது வயதினரால் 40 விழுக்காட்டைக்கூட எட்ட முடியவில்லை. குழந்தைப்பருவ மறதி குழந்தைப் பருவத்திலேயே தொடங்கிவிடுகிறது.

காரணங்கள்

ஒரே காரணத்தால் இதை விளக்க முடியாது. மூளை வளர்ச்சி, மொழி, தன்னுணர்வு, வீட்டுப் பேச்சு ஆகிய நான்கும் முக்கியமாகச் சொல்லப்படுகின்றன.

*மூளை வளர்ச்சி.* நிகழ்வுகளைக் கோத்து நினைவாக்கும் ஹிப்போகாம்பஸ் பிறக்கும்போது முழுமை பெற்றிருப்பதில்லை. அதன் ஒரு பகுதியில் முதல் ஆண்டுகளில் புதிய நரம்புச் செல்கள் மிகுதியாக உருவாகின்றன. டொரன்டோவைச் சேர்ந்த ஷீனா ஜோசலின், பால் ஃபிராங்க்லண்ட் இருவரும் இந்தப் புதுச் செல்களே மறதிக்குக் காரணம் என்ற கருதுகோளை முன்வைத்தார்கள். புதுச் செல்கள் இணைப்புகளை மாற்றி அமைக்கும்போது, பழைய இணைப்புகளில் பதிந்திருந்த நினைவு குலைகிறது என்பது அவர்கள் வாதம்.

*மொழி.* நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் கேப்ரியல் சிம்காக், ஹார்லின் ஹெய்ன் இருவரும் 'மாயச் சுருக்கு இயந்திரம்' ஒன்றைக் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். பெரிய பொம்மையை உள்ளே போட்டுக் கைப்பிடியைச் சுழற்றினால், அதே பொம்மை சிறியதாகி வெளியே வரும். ஆறு மாதமோ ஓராண்டோ கழித்துப் போனபோது, குழந்தைகள் இயந்திரத்தை இயக்கிக் காட்டினார்கள். படங்களில் பொம்மையை அடையாளமும் கண்டார்கள். சொல்லச் சொன்னபோது மட்டும், முதலில் பார்த்த அன்று தமக்குத் தெரிந்திருந்த சொற்களைத் தாண்டவே இல்லை. இடையில் கற்ற புதிய சொற்கள் அந்தப் பழைய நினைவுக்கு உதவவில்லை.

*தன்னுணர்வு.* மூக்கில் சாயப் பொட்டு வைத்துக் கண்ணாடி முன் நிறுத்தினால், பதினெட்டு முதல் இருபத்து நான்கு மாதத்துக்குள் பெரும்பாலான குழந்தைகள் தம் மூக்கையே தொட்டுப் பார்க்கின்றன. 'நான்' என்ற உணர்வு வந்தபின்தான் 'எனக்கு நடந்தது' என்ற நினைவுக்கு ஓர் உரிமையாளர் கிடைக்கிறார் என்பது மார்க் ஹவ், மேரி கரேஜ் ஆகியோரின் கருத்து.

*வீட்டுப் பேச்சு.* 'அப்புறம் என்ன ஆச்சு? யார் யார் வந்தாங்க?' என்று கிளறிக் கிளறிப் பேசும் தாய்மாரின் பிள்ளைகளுக்கு, வளர்ந்தபின் இன்னும் இளைய வயதின் நினைவுகள் கிடைக்கின்றன என்று நியூசிலாந்து ஆய்வுகள் காட்டுகின்றன. அங்கே 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் மாவோரி மக்களின் முதல் நினைவு சராசரியாக 33 மாதத்திலும், ஐரோப்பிய வழியினரின் முதல் நினைவு 43 மாதத்திலும் அமைந்தன. குடும்பத்தின் கடந்த காலத்தை விரிவாகப் பேசுவதற்கு மாவோரி மரபில் பெருமதிப்பு உண்டு.

நிகழ்ச்சியின் கனமும் கணக்கில் வரும். ஜோநெல் அஷர், உல்ரிக் நைசர் இருவரும் 1993இல் வெளியிட்ட ஆய்வின்படி, தம்பி தங்கை பிறந்ததும் மருத்துவமனையில் தங்கியதும் இரண்டு வயதில் நடந்திருந்தாலும் சிலருக்கு நினைவில் நின்றன. குடும்பத்தில் ஒருவர் இறந்ததும் வீடு மாறியதும் மூன்று வயதிலிருந்துதான் நினைவில் நின்றன.

தூக்கத்தின் பங்கு

பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்குகிறது. அதில் ஏறத்தாழ பாதி, மூடிய இமைக்குள் கண்மணி விரைந்து அசையும் துடிப்பான உறக்கம். கற்றதைப் பதிய வைப்பதில் தூக்கத்துக்கு நேரடிப் பங்கு உண்டு. சபீனா சீஹாகன் குழுவினர் 2015இல் வெளியிட்ட சோதனையில், கைப்பாவையின் கையுறையைக் கழற்றி, ஆட்டி, மீண்டும் மாட்டுவதை ஆறு மாத, பன்னிரண்டு மாதக் குழந்தைகளுக்குச் செய்து காட்டினார்கள். அதன்பின் நான்கு மணி நேரத்துக்குள் அரை மணியாவது தூங்கிய குழந்தைகள் அதைச் செய்து காட்டின. தூங்காத குழந்தைகளிடம் கற்றதன் அடையாளம் தெரியவில்லை.

மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் ரெபேக்கா ஸ்பென்சர் நடத்திய ஆய்விலும் இதே போக்குதான். படங்கள் எங்கே இருந்தன என்று காலையில் கற்றதை, மதியம் தூங்கிய பிள்ளைகள் மறக்கவில்லை. பகலில் விழித்திருந்து இழந்ததை இரவுத் தூக்கம் ஈடுகட்டவும் இல்லை. வளராத ஹிப்போகாம்பஸ் சீக்கிரம் நிரம்பிவிடுவதால் அடிக்கடி தூங்கி இறக்கிவைக்க வேண்டியிருக்கிறது, அது முதிரும்போது பகல் தூக்கம் தானாக நிற்கிறது என்று ஸ்பென்சரும் டிரேசி ரிக்கின்ஸும் 2022இல் கருதுகோள் ஒன்றை முன்வைத்தார்கள்.

விலங்குகளும் மரபணுக்களும்

எலிக்குஞ்சுகளும் இளமையில் கற்றதை விரைவாக மறக்கின்றன என்று பைரன் கேம்ப்பெல் 1960களில் காட்டினார். எனவே மொழியும் தன்னுணர்வும் மட்டுமே காரணமாக இருக்க முடியாது. கண் திறந்து, ஓடியாடும் நிலையில் பிறக்கும் கினிப் பன்றிக் குட்டிகளிடம் இந்த மறதி இல்லை. அவற்றின் மூளை தாய் வயிற்றிலேயே பெரும்பாலும் முதிர்ந்துவிடுகிறது.

இந்த முதிர்ச்சியின் அட்டவணையை மரபணுக்கள் வகுக்கின்றன. நரம்புச் செல்களில் உள்ள, கற்றலுக்கு இன்றியமையாத என்.எம்.டி.ஏ. ஏற்பிகளின் உறுப்புகளுக்கு வெவ்வேறு மரபணுக்கள் உண்டு. பிறப்புக்குப் பின் ஒன்றின் செயல்பாடு தணிந்து மற்றொன்று மேலோங்குகிறது. இந்த மாற்றத்தை அனுபவமே தூண்டுகிறது என்று கிறிஸ்டினா அல்பெரினி குழுவினர் எலிகளில் 2016இல் கண்டார்கள். மரபணு வகுத்த பாதையில் குஞ்சை நடத்திச் செல்வது அது கற்கும் பாடம்தான்.

2018இல் டொரன்டோ ஆய்வாளர்கள், குட்டிப் பருவத்தில் நினைவு பதிந்த செல்களுக்கு ஒளியூட்டி, வளர்ந்த சுண்டெலிகளில் மறந்த நினைவை மீட்டார்கள். 2023இல் டப்ளினில் டோமாஸ் ரயன் குழுவினர், கருவுற்ற தாய்ச் சுண்டெலியின் நோய் எதிர்ப்பு அமைப்பைத் தூண்டினால், பிறக்கும் ஆண் குட்டிகளிடம் இந்த மறதி ஏற்படுவதில்லை என்று கண்டார்கள்.

முதல் நினைவு எவ்வளவு உண்மை

குழந்தை வளர்ச்சி ஆய்வின் முன்னோடி ழான் பியாஜேக்குத் தம் இரண்டாம் வயது நிகழ்ச்சி ஒன்று தெளிவாக நினைவிருந்தது. பாரிஸ் நகரத் தெருவில் தள்ளுவண்டியில் அவர் அமர்ந்திருக்க, ஒருவன் கடத்த வருகிறான், தாதி தடுக்கிறாள், அவள் முகத்தில் கீறல் விழுகிறது. பியாஜேக்குப் பதினைந்து வயதானபோது அந்தத் தாதி பெற்றோருக்குக் கடிதம் எழுதினாள். நடந்தது கட்டுக்கதை என்று ஒப்புக்கொண்டு, அன்று பரிசாகப் பெற்ற கடிகாரத்தைத் திருப்பி அனுப்பினாள். வீட்டார் சொல்லக் கேட்ட கதையைத்தான் பியாஜே கண்ணால் கண்ட காட்சியாக வைத்திருந்தார்.

தாய்மாமன் மடியில் காதுகுத்திக்கொண்டது நினைவிருக்கிறது என்று சொல்வோரும் இந்த வகையில் சேரலாம். ஒரு வயதுச் சடங்கு நினைவில் நிற்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆல்பத்தில் இருக்கும் படமும் பாட்டி சொன்ன கதையும் சேர்ந்து அந்தக் காட்சியைக் கட்டியிருக்கும். பிரிட்டனில் 2018இல் வெளியான பெரிய ஆய்வில், 6,641 பேரில் 38.6 விழுக்காட்டினர் இரண்டு வயது அல்லது அதற்கு முந்தைய நினைவு தமக்கு இருப்பதாகக் கூறினார்கள். அவை பெரும்பாலும் இப்படிக் கட்டப்பட்டவை என்பது ஆய்வாளர் முடிவு. மறுபுறம், பழைய நிகழ்ச்சிகளின் வயதை மக்கள் கூட்டிச் சொல்லும் பழக்கத்தைக் கணக்கில் கொண்டால், உண்மையான சராசரி இரண்டரை வயதாகலாம் என்று கனடாவின் கரோல் பீட்டர்சன் 2021இல் வாதிட்டார்.

மறந்தவற்றின் தடம்

நினைவில் இல்லாத ஆண்டுகள் வாழ்வில் இல்லாத ஆண்டுகள் ஆகிவிடுவதில்லை. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000இல் தொடங்கிய ஆய்வில், காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் ஒரு பாதியினர் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டார்கள். இரண்டு வயதுக்கு முன் குடும்பம் கிடைத்தவர்களின் அறிவு வளர்ச்சியும் பற்றுணர்வும் மற்றவர்களைவிட மேம்பட்டிருந்தன.

மான்ட்ரியாலில் 2014இல் வெளியான ஆய்வு இன்னும் நுட்பமானது. சீனாவில் பிறந்து, ஏறத்தாழ ஒரு வயதில் தத்தெடுக்கப்பட்டு, பிரெஞ்சு மட்டுமே பேசி வளர்ந்த சிறுமியருக்குச் சீன மொழியில் பொருளை வேறுபடுத்தும் தொனிகள் ஒலிபரப்பப்பட்டன. அவர்களுக்குச் சீனத்தில் ஒரு சொல்லும் தெரியாது. கேட்ட நினைவும் கிடையாது. ஆனால் அவர்கள் மூளையின் இடப்பக்கம், சீன மொழி பேசி வளர்ந்தோரின் மூளையைப் போலவே அந்தத் தொனிகளுக்கு எதிர்வினை காட்டியது. சீனம் அறியாத பிரெஞ்சுச் சிறுமியரிடம் அவ்வாறு நிகழவில்லை.