பிரசவ வேளையா, அதற்கு முந்தைய மாதங்களா?

1861 அக்டோபரில் இலண்டன் மகப்பேற்று மருத்துவர் சங்கத்தின் கூட்டத்தில் எலும்பியல் அறுவை மருத்துவர் ஒருவர் கட்டுரை வாசித்தார். அவர் பெயர் வில்லியம் ஜான் லிட்டில். இளம்பிள்ளைவாதத்தால் சிறுவயதிலேயே கால் வளைந்து, பின்னர் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் ஸ்ட்ரோமேயர் செய்த தசைநாண் அறுவையால் நடை திருந்தியவர். கைகால் விறைத்த குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் பார்த்து, அவர்களின் பிறப்பு வரலாற்றைத் தொகுத்து வந்தார். குறைமாதம், நெடுநேரம் நீண்ட பிரசவம், பிறந்ததும் அழாத மூச்சுத்திணறல் ஆகியவை அவ்வரலாறுகளில் திரும்பத் திரும்பத் தென்பட்டன. பிறக்கும் வேளையில் நேரும் மூச்சுத் தடையே மூளையைக் கெடுக்கிறது என்பது அவர் முடிவு. ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்டையும், குறைமாதத்தில் பிறந்து உடல் கோணியவன் என்ற வகையில், சான்றுக்கு அழைத்து வந்தார். நாடகப் பாத்திரம் மருத்துவச் சாட்சியாவது அக்காலத்தில் அத்தனை விந்தையன்று போலும்.

தாய் பிழைத்தாளா, சிசு பிழைத்ததா என்ற இரு வினாக்களோடு பெரிதும் நின்றிருந்த மகப்பேற்று மருத்துவத்தின் முன், பிழைத்த குழந்தையின் பின்னாளைய வாழ்வை மூன்றாம் வினாவாக வைத்தவர் லிட்டில். இன்று பெருமூளை வாதம் எனப்படும் அந்நிலை நெடுங்காலம் 'லிட்டில் நோய்' என்றே வழங்கியது. ஆயினும் அவருடைய விடைக்கு ஒரு நிழலும் உண்டு. காரணம் பிரசவ அறையில்தான் உள்ளது என்றால், பழிக்கு உரியவரையும் அங்கேயே தேட வேண்டியதாகிறது: மருத்துவச்சி, மருத்துவர், சில வேளை தாயே.

மாற்றுக் கருத்து வியன்னாவிலிருந்து வந்தது. உளப்பகுப்பாய்வால் புகழ்பெறும் முன், சிக்மண்ட் பிராய்ட் அந்நகரின் குழந்தைகள் மருத்துவ நிலையம் ஒன்றில் நரம்பியல் பிரிவை நடத்தினார். மொழியியலாளர் அவரை அறிவது 1891இல் வெளியான பேச்சிழப்பு குறித்த நூலால். அதே ஆண்டில் ஆஸ்கார் ரீயுடன் இணைந்து குழந்தைகளின் வாதநோய் பற்றியும் எழுதினார். 1897இல் அத்துறைக்கான பெருநூல் வந்தது. அப்பணி தமக்குச் சற்றும் சுவைக்கவில்லை என்று நண்பர் பிளீசுக்கு எழுதிய கடிதங்களில் அலுத்துக்கொண்டார். ஆனால் நூலின் கூர்மையை அந்த அலுப்பு மழுக்கவில்லை. அதே வகைக் கடினப் பிரசவங்களில் பிறந்த எத்தனையோ குழந்தைகளுக்கு யாதொரு தீங்கும் நேர்வதில்லையே என்று அவர் கேட்டார். ஆகவே, சிலரிடத்தில் கடினப் பிரசவம் நோயின் காரணமன்று. கருவளர்ச்சியில் முன்பே நேர்ந்த கோளாற்றின் அறிகுறி. லிட்டில் காரணமாகக் கண்டதையே பிராய்ட் விளைவாக வாசித்தார்.

இக்கருத்தை மருத்துவ உலகம் பல பத்தாண்டுகள் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. அமெரிக்காவில் 1959 முதல் 1966 வரை 50,000க்கும் மேற்பட்ட கர்ப்பங்களைப் பதிவுசெய்து, பிறந்த குழந்தைகளை ஏழு வயது வரை தொடர்ந்த ஆய்வே நிலைமையை மாற்றியது. அத்தரவுகளைக் கேரின் நெல்சனும் ஜோனஸ் எல்லன்பெர்க்கும் 1980களில் அலசினர். பின்னாளில் பெருமூளை வாதம் கண்ட குழந்தைகளுள் ஏறத்தாழ முக்கால் பங்கினர், பிறந்த ஐந்தாம் நிமிடத்தில் நல்ல உடல்நிலையையே காட்டியிருந்தனர். மூச்சுத்திணறலின் அடையாளம் இருந்தோர் ஐந்தில் ஒருவர் அளவே. அவர்களுள்ளும் பலருக்குப் பிறவிக் குறைகள் இருந்தன. இதற்குள் கருவின் இதயத்துடிப்பைக் கண்காணிக்கும் கருவிகள் பரவிச் சிசேரியன்களும் பெருகியிருந்தன. பெருமூளை வாதத்தின் விகிதம் மட்டும் அதற்கேற்பக் குறையவில்லை.

எனினும் லிட்டில் முற்றிலும் தோற்றுவிடவில்லை. அவர் பட்டியலிட்ட குறைமாதப் பிறப்பு இன்றும் பெருங்காரணங்களுள் ஒன்று. நிறைமாதத்தில் பிறந்து மூச்சுத்திணறிய குழந்தையின் உடலை மூன்று நாள் குளிர்விக்கும் சிகிச்சை மேலைநாடுகளில் மூளையைக் காத்தது. அங்குக் காயம் பிறப்பு வேளையை ஒட்டியே நேர்ந்திருந்தது என்பதற்கு அது வலுவான சான்று. அதே சிகிச்சை சென்னை உள்ளிட்ட இந்திய நகரங்களிலும் இலங்கையிலும் வங்கதேசத்திலுமாக ஏழு மருத்துவமனைகளில், 408 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டு 2021இல் முடிவுகள் வெளியாயின. குளிர்விக்கப்பட்டோருள் 42 விழுக்காட்டினர் இறந்தனர். வழக்கமான கவனிப்புப் பெற்றோருள் 31 விழுக்காட்டினர். அக்குழந்தைகள் பலரின் மூளைக்காயம், பிரசவ வலி தொடங்குவதற்கு முன்பே, தாயின் கர்ப்பகாலச் சிக்கல்களோடு தொடங்கியிருக்கலாம் என்பது ஆய்வாளர் முன்வைக்கும் விளக்கங்களுள் ஒன்று.