பழனியைக் காணாத அடியார்

உயிர் இறைவனோடு கொள்ளுந் தொடர்பு என்றும் ஒரு நிலையில் நிற்பதன்று; பக்குவம் முதிருந்தோறும் அதுவும் மாறி வரும். தாச மார்க்கம், சற்புத்திர மார்க்கம், சக மார்க்கம், சன்மார்க்கம் என அதனை நால்வகைப்படுத்தி நம் சான்றோர் உரைத்தது இதுபற்றியேயாம். அம்மாற்றம் ஓர் அடியார்பால் நிகழ்ந்தவாற்றைச் சேதுக்கரை வரலாறொன்று தெளிவுறக் காட்டும்.

இராமேச்சுரம், பல நாட்டு மக்களும் யாத்திரையாக வந்து 22 தீர்த்தங்களிலும் ஆடி, இராமநாதரைத் தொழுது, வினை தீர்ந்தேமென மகிழுந் தலம். அங்குப் பிறந்து பாம்பனில் வளர்ந்தவர் அப்பாவு என்பார். அவரே பிற்காலத்துப் பாம்பன் குமரகுருதாச சுவாமிகள் எனப் போற்றப்பெற்றார். யாத்திரையாற் பெருமையுற்ற மண்ணிற் றோன்றிய இவருக்கு, யாத்திரையொன்று மறுக்கப்பட்டதே அருள்வாயிலாயிற்று.

1891-ஆம் ஆண்டிலே துறவு கருதிப் பழனிக்குச் செல்ல விழைந்த இவரை, அது முருகன் கட்டளையோவென நண்பரொருவர் வினவினர். கட்டளை பெறாதிருந்தும் இவர் ஆமென்றனர். அன்றே சினந்த திருவுருவொன்று தோன்றி, அப்பொய்யைக் கடிந்து, யாம் அழைக்குங்காறும் பழனிக்கு வாரற்கவென விதித்ததாக இவர் வரலாறு கூறும். அவ்வழைப்பு இறுதிவரை வந்திலது, இவரும் சென்றிலர். சண்முக கவசம் என்னும் 30 பாடல்களும் அவ்வாண்டில் எழுந்தனவே. காண்டல் விலக்கப்பட்டது, பாடுதல் விலக்கப்பட்டிலது.

நன்னோக்கத்தாற் கூறிய சிறு பொய்க்கு இத்துணைப் பெருந்தண்டம் தகுமோவெனின், தகுமென்க. என்னை? உலகியற் பொருள்பற்றிய பொய்யன்று அது. தம் விழைவையே இறைவன் ஆணையெனக் கூறியதாம். தற்போதம் திருவருளின் வேடம் பூண்டு நிற்றலினும் அஞ்சத்தக்கது அடியார்க்குப் பிறிதில்லை. இனி, இறைவன் செய்யும் தண்டமும், தந்தை தாயர் மக்களை ஒறுத்துத் திருத்துமாறுபோல, அன்பின் வழிப்பட்டதே எனச் சிவஞான சித்தியார் தெளிவிக்கின்றது. மறக்கருணையென்பது அதுவே.

அக்கருணையின் பயன் மூவாண்டிற் புலனாயிற்று. 1894-இல் இராமநாதபுரத்தை அடுத்த பிரப்பன்வலசையில், சுடுகாட்டிற் குழியமைத்து, அதனுள் 35 நாள் சுவாமிகள் தவமியற்றினர். முடிவில், எழுகவென ஒரு குரல் எழுந்ததாகவும், முருகன் பணித்தாலன்றி எழேனென இவர் மறுத்ததாகவும், முருகன் ஆணையே அஃதென மீண்டும் ஒலித்த பின்னரே வெளிப்போந்ததாகவும் கூறுப. முன்னர்ப் பெறாத கட்டளையைப் பெற்றதாக உரைத்தவர், பின்னர்க் கட்டளை தெளியப்பெறாது அசையவும் ஒருப்பட்டிலர். பழைய நாவும் பழைய அன்பும் அவையே. "யான் செல்வேன்" என்னும் முனைப்பு மட்டும் அங்கில்லை. குமரகுருதாசர் என்னும் பெயரிலுள்ள அடிமை, சொல்லளவில் நில்லாது ஒழுக்கமாயிற்று.

1895-இற் சென்னை சேர்ந்து, முருகன்மேற் பாடியும் நூல்கள் இயற்றியும் வாழ்ந்த சுவாமிகள் 1929 மே 30-இல் மறைந்தனர். அவர் சமாதி திருவான்மியூரில் உள்ளது. தண்டாயுதபாணியைத் தரிசிக்கச் செல்வார் தொகை அளவிறந்தது. செல்லாமையையே வழிபாடாகக் கொண்டு 38 ஆண்டு நின்றவர் இவர்.

தம் விருப்பத்தைக் கடவுள் திருவுள்ளமெனக் கூறுதல் எக்காலத்தும் எளிது. அங்ஙனம் கூறுமுன், கேட்டது அவன் குரலோ தம் குரலோவென ஒருகால் நின்று ஆராய்தல் சைவ நன்மக்கட்குக் கடனாமென்க.