மொண்டிசோரி யாருக்காக வந்தது?



போன கிழமை ஓர் உம்மா அழுதுகொண்டு வந்தார். நாலு வயது மகனுக்கு ஓட்டிசம். "இவன் மத்தப் புள்ளைகளைக் குழப்புறான், கூட்டிட்டுப் போங்க" என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டார்களாம். சொன்ன இடம் ஒரு மொண்டிசோரி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எங்கட கிராண்ட்பாஸில் பாலர் பாடசாலை என்றாலே மொண்டிசோரிதான். அது ஒரு டொக்டரின் பெயர். அவர் முதலில் யாருக்குப் படிப்பித்தார் என்பது ஆசிரியர் கலாசாலைக்குப் போகும்வரை எனக்கும் தெரியாது.

மரியா மொண்டிசோரி 1896இல் ரோமில் டொக்டரானார். அங்கே மனநோயாளர் விடுதிகளில், படிக்கவே மாட்டார்கள் என்று ஒதுக்கி அடைத்து வைத்திருந்த பிள்ளைகளைக் கண்டார். இவர்களுக்கு மருந்தைவிடப் படிப்புத்தான் தேவை என்றார். இப்படியான பிள்ளைகளோடு வேலை செய்த பிரான்ஸ் டொக்டர்கள் இத்தார், செகுவேன் இருவரின் நூல்களைத் தேடிப் படித்தார். 1900இல் அந்தப் பிள்ளைகளுக்கான பாடசாலையைப் பொறுப்பேற்றார். மரத்தில் வெட்டிய எழுத்துகளைத் தடவித் தடவிப் படித்த சிலர், சாதாரணப் பிள்ளைகளின் சோதனையை எழுதிப் பாஸானார்கள்.

அதற்குப் பிறகுதான், 1907இல், சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பின் பிள்ளைகளிடம் அதே முறையைக் கொண்டுபோனார். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரிசை. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தவர், 1944இல் இலங்கையிலும் விரிவுரை நடத்தினார்.

ஆக, யாரை வெளியே போகச் சொல்கிறோமோ, அவர்களைப் போன்ற பிள்ளைகளிடமிருந்துதான் இந்த முறையே எங்களுக்குக் கிடைத்தது.

1943இல் லியோ கனர் என்ற டொக்டர் ஓட்டிசம் பற்றி எழுதியபோது, எல்லாம் மாறாமல் நடக்க வேண்டும் என்று இந்தப் பிள்ளைகள் தவிப்பதைக் குறிப்பிட்டார். அது பிடிவாதமில்லை. அடுத்து என்ன என்று தெரியாத பயம்.

என் வகுப்பிலும் ஒரு பிள்ளை, இன்டர்வல் பெல் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விடுவார். ஆரம்பத்தில் நானும் ஏசியிருக்கிறேன். இப்போது பெல்லுக்கு ஐந்து நிமிடம் முன்பே சொல்லிவிடுவேன். கரும்பலகைக்குப் பக்கத்தில் அன்றைய வேலைகள் ஆறு படங்களாக இருக்கும். முடிந்ததை அவரே கழற்றிப் பெட்டியில் போடுவார். செலவு ஒரு மட்டையும் கொஞ்சம் பசையும். இப்போது வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அடுத்த கொப்பியை எடுக்கிறார்கள்.

உம்மாமாரே, வாப்பாமாரே, ஒன்றை மனதில் வையுங்கள். மாற்றுத்திறன் என்ற காரணத்துக்காக அனுமதியில் பாகுபாடு காட்டக்கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. நீங்கள் கேட்பது தயவு இல்லை.

அந்தப் பிள்ளைக்காகத் துஆ செய்யுங்கள்.