மூடிய கல்லூரியும் பழைய மாணவர்களும்

அப்பாவின் வாட்ஸ்அப்பில் அவருடைய காலேஜ் பேட்ச் குரூப் ஒன்று இருக்கிறது. விடிவதற்குள் ரோஜாப்பூ, பிள்ளையார், 'இனிய காலை வணக்கம்' என்று வரிசையாக வந்து விழும். ஒருநாள் கடுப்பாகி, "இதை ம்யூட்லயாவது போட்டு வைங்கப்பா" என்றேன். போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "அது குட் மார்னிங் இல்லடா, அட்டெண்டன்ஸ். ஒருத்தன் ரெண்டு நாள் பூ அனுப்பலைன்னா மூணாவது நாள் வீட்டுக்கு போன் பண்ணிடுவோம்."

அதற்குப் பிறகு நான் கிண்டல் செய்வதை நிறுத்திக்கொண்டேன். ஆனால் கேள்வி நிற்கவில்லை. மூன்று வருஷம் ஒன்றாக உட்கார்ந்தவர்கள் நாற்பது வருஷம் கழித்தும் ஒருவரையொருவர் எண்ணிக்கொண்டிருப்பது எங்கே தொடங்கியது?

பழைய மாணவர் சங்கம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பொன்னாடை, விழா மலர், மத்தியானம் பிரியாணி. இருக்கிற சங்கங்களில் மிகப் பழையது பிறந்தது இப்படி ஒரு கொண்டாட்டத்தில் அல்ல, பயத்தில். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், மலைகளுக்கு நடுவே வில்லியம்ஸ் கல்லூரி 1793-ல் தொடங்கியது. போய்ச் சேரவே கஷ்டமான ஊர், குறைவான மாணவர்கள். கல்லூரியை வேறு ஊருக்கு மாற்றிவிடலாம் என்று நிர்வாகத்திலேயே சிலர் பேசினார்கள். 1821-ல் அதன் தலைவர் சீபனையா ஸ்விஃப்ட் மூர், ஆம்ஹர்ஸ்ட் என்ற ஊரில் புதிதாக வந்த கல்லூரிக்குத் தலைவராகக் கிளம்பிப் போனார். மாணவர்கள் சிலரும் கூடவே போய்விட்டார்கள். இனி வில்லியம்ஸ் அவ்வளவுதான் என்று பேச்சு. அந்த வருஷப் பட்டமளிப்பு விழாவுக்கு வந்த பழைய மாணவர்கள் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். கல்லூரி பிழைத்தது, இன்றும் இருக்கிறது.

இதே கல்லூரியிலிருந்து ஒரு நூல் நேராக யாழ்ப்பாணத்துக்கு வருகிறது. 1806-ல் ஒருநாள், இடிமழைக்கு வைக்கோற்போர் ஒன்றின் ஓரமாக ஒதுங்கிய ஐந்து வில்லியம்ஸ் மாணவர்கள், கடல் கடந்து போய் மதப்பணி செய்ய வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். 1810-ல் உருவான அமெரிக்க மிஷன் சங்கத்தின் வேர் அந்தப் பேச்சுதான் என்பார்கள். ஐவரில் ஒருவரான ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் 1816-ல் யாழ்ப்பாணம் வந்தார். 1822-ல் அங்கேயே இறந்தார். அடுத்த வருஷம், 1823-ல், டேனியல் பூவர் தலைமையில் வட்டுக்கோட்டை செமினரி திறந்தது.

அங்கே தமிழ், ஆங்கிலம், கணிதம், வானசாஸ்திரம் எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். அமெரிக்காவில் பணம் கொடுத்தவர்கள் விரும்பிய பெயரைப் பையனுக்கு வைக்கும் வழக்கமும் இருந்தது. அதனால்தான் யாழ்ப்பாணத் தமிழர்களிடையே ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் இருந்தார்கள். 1841-ல் 'உதயதாரகை' பத்திரிகை தொடங்கியபோது ஆசிரியர்களாக அமர்ந்தவர்கள் செமினரியில் படித்த இந்த இரண்டு பேர்தான்.

1855-ல் செமினரியை மூடிவிட்டார்கள். மிஷன் சங்கத்தின் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் நேரில் வந்து பார்த்துவிட்டு எடுத்த நிலைப்பாடு அது. அவருக்கு வேண்டியது தாய்மொழியில் படித்த கிராம ஊழியர்கள். பையன்களோ இங்கிலீஷ் படித்துவிட்டு அரசாங்க உத்தியோகத்துக்குப் போனார்கள். சிலர் மறுபடியும் சைவத்துக்கே திரும்பினார்கள். மிஷன் கணக்குப்படி போட்ட முதல் தேறவில்லை.

சரியாக இரண்டு வருஷம் கழித்து, 1857-ல், சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதன் முதல் பட்டதாரிகளாக அறியப்படுபவர்கள் கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும். இருவரும் மூடப்பட்ட அந்த செமினரியில் படித்தவர்கள். விசுவநாதபிள்ளை, தாமோதரம்பிள்ளைக்கு அங்கே ஆசிரியராகவும் இருந்தவர். பிற்காலத்தில் ஏட்டுச்சுவடிகளைத் தேடி எடுத்து வீரசோழியம், கலித்தொகை என்று பதிப்பித்த அதே தாமோதரம்பிள்ளைதான். அவரும் சைவத்துக்குத் திரும்பியவர். மிஷனின் பேரேட்டில் நட்டம், தமிழின் பேரேட்டில் வரவு.

ஊரிலேயே இருந்த மற்றவர்களுக்கு வேறு கவலை. நாம் படித்தோம், நம் பிள்ளைகள் எங்கே படிப்பது? கல்லூரி இல்லை, ஆனால் அதன் மாணவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய விடாத கோரிக்கையால், யாழ்ப்பாணத்திலும் அமெரிக்காவிலும் பணம் திரட்டி, ஊர்க்காரர்களும் மிஷனரிகளும் சேர்ந்த நிர்வாகக் குழுவோடு 1872-ல் வட்டுக்கோட்டையிலேயே யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கியது. இடையில் 17 வருஷம். முதல் அதிபர் இ. பி. ஹேஸ்டிங்ஸ் என்ற அமெரிக்கர். செமினரி மாணவரும் 'உதயதாரகை' ஆசிரியருமான ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை அங்கே தமிழ் கற்பித்தார்.

வில்லியம்ஸ்காரர்கள் காப்பாற்றியது இருந்த கல்லூரியை. வட்டுக்கோட்டைக்காரர்கள் இல்லாத கல்லூரியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதுவும் தங்களை உருவாக்கியவர்களின் முடிவுக்கு எதிராக. கட்டடமும் பணமும் மிஷனுடையது என்றால், பள்ளிக்கூடம் யாருடையது? இந்தக் கேள்வியை அவர்கள் கேட்ட காலத்தில் தமிழ்ச் சூழலில் அதற்கு முன்மாதிரியே அநேகமாக இல்லை.

இதைப் புல்லரிப்போடு மட்டும் சொல்லி முடித்தால் நேர்மையாக இருக்காது. செமினரியில் படித்தவர்களில் பெரும்பாலானோர் வெள்ளாளர்கள். பெண்களுக்கு 1824-லேயே உடுவிலில் விடுதிப் பள்ளி வந்துவிட்டது. ஆனால் செமினரி மாணவர்களுக்குப் படித்த மனைவிகள் அமைய வேண்டும் என்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. 'நம்ம காலேஜ்' என்று சொல்லும்போது அந்த 'நம்ம'வுக்குள் யார் யார் என்று அன்றும் கேட்டிருக்க வேண்டும். இன்றும் கேட்கலாம். பழைய மாணவர் என்ற உறவு ஒரு கை நீட்டும். அதே கையால் கதவையும் சாத்தும்.

ஆனாலும் போர் வந்து ஊரே கலைந்தபோது, யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர் சங்கங்கள் லண்டனிலும் டொரன்டோவிலும் சிட்னியிலும் முளைத்தன. ஊரை எடுத்துக்கொண்டு போக முடியாதவர்கள் வகுப்பை எடுத்துக்கொண்டு போனார்கள்.

போன மாதம் அப்பாவின் குரூப்பில் ஒருவர் இரண்டு நாளாகப் பூ அனுப்பவில்லை. மூன்றாம் நாள் அப்பா போன் போட்டார். எடுத்தது மகன். போனை வைத்துவிட்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு குரூப்பில் எதையோ டைப் செய்தார். அன்றைக்கு மறுபடி யாரும் பூ அனுப்பவில்லை. மறுநாள் காலை ஐந்தரைக்கு முதல் ரோஜா வந்தது. அப்பா அனுப்பியது.