சுவரும் காப்பும்: கில்லாரி நிலநடுக்கமும் மராத்வாடா ஊரக இல்லங்களின் முன்னேற்பாடும்

பேரிடர் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இழப்பைக் கணக்கிடுவதில் தொடங்கி, அரசின் நடவடிக்கைகளை விவரிப்பதில் முடிகின்றன. இடர் நேரும் முன்னர் ஒரு குடும்பம் தன் இல்லத்தில் எத்தகைய காப்பைச் செய்துகொண்டிருந்தது என்னும் வினா அவற்றில் அரிதாகவே எழுப்பப்படுகிறது. ஊரக மக்கள் 'ஆயத்தமின்றி' இருந்தனர் என்ற ஒரு சொல்லோடு அது கடந்து செல்லப்படுகிறது. 1993ஆம் ஆண்டின் கில்லாரி நிலநடுக்கத்தை முன்வைத்து, அச்சொல் எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மராட்டிய மாநிலத்தின் தென்கிழக்கே, மராத்வாடா வட்டாரத்தில் லாத்தூர், உஸ்மானாபாத் (இன்று தாராசிவ்) மாவட்டங்கள் அமைந்துள்ளன. 1993 செப்டம்பர் 30 அன்று, பொழுது புலர்வதற்கு முன் 3 மணி 56 நிமிடத்திற்கு இங்கு ஏற்பட்ட நிலநடுக்கத்தின் அளவு 6.2. ஏறத்தாழ 8,000 பேர் இறந்தனர். முந்திய நாள் விநாயகர் சிலைகளைக் கரைக்கும் விழா நாள். நள்ளிரவு கடந்து வீடு திரும்பியவர்கள் ஆழ்ந்த உறக்கத்தில் இருந்த நேரம் அது. நிலநடுக்கவியலார் இவ்வளவை உலகின் மாபெரும் நிலநடுக்கங்களின் வரிசையில் வைப்பதில்லை. எனவே, இத்தனை உயிர்கள் போனமைக்குரிய காரணத்தை நிலத்திற்கு அடியில் மட்டும் தேடுதல் போதாது. நிலத்திற்கு மேலே நின்ற வீட்டிலும் தேட வேண்டும்.

அவ்வீட்டின் அமைப்பு சற்று விரிவாக நோக்கத்தக்கது. தக்காணத்தின் எரிமலைப் பாறைக் கருங்கற்களை ஒழுங்காகச் செதுக்காமல் அடுக்கி, சேற்றுச் சாந்து இட்டுச் சுவர் எழுப்பினர். சுவரின் கனம் இரண்டடிக்குக் குறைவாக இருப்பது அரிது. நான்கடியைத் தொட்ட சுவர்களும் உண்டு. வெளிமுகம் ஓர் அடுக்கு, உள்முகம் ஓர் அடுக்கு, இடையே சிறு கற்களும் மண்ணும். இவ்விரு முகங்களையும் ஊடுருவிப் பிணைக்கும் நீண்ட கல்லைப் பெரும்பாலான சுவர்களில் காண இயலவில்லை. உள்ளே மரத்தூண்களும் உத்தரங்களும் கூரையைத் தாங்கின. பலகை பரப்பி அதன்மேல் மண் கொட்டிய தட்டைக் கூரையை மராத்தியில் 'மாளவத்' என்பர். மழை ஒழுகினால் மேலும் மண் இடுவது வழக்கம். ஆகவே வீட்டிற்கு வயது ஏற ஏறக் கூரையின் கனமும் ஏறியது. பத்தடிக்குப் பத்தடி அறையின்மேல் ஒன்றரை அடி மண் கிடந்தால், அம்மண்ணின் எடை மட்டும் ஏறத்தாழ 7 டன் ஆகும். அதன்கீழேதான் குடும்பம் உறங்கியது.

இவ்வமைப்பை அறியாமை என்று கூறிவிடுதல் எளிது. ஆனால் இதன் ஒவ்வோர் உறுப்பும் ஏதோ ஓர் இடரை எண்ணிச் செய்யப்பட்டதே எனலாம். கனத்த சுவரும் மண்கூரையும் கோடையின் கடும் வெப்பத்தைத் தடுத்தன. சிறு சன்னல்கள் திருடரைத் தடுத்தன. மழை பொய்க்கும் மண்ணில் விளைந்த தானியமும், பொன்னும், கடன் பத்திரமும் அச்சுவருக்குள்ளேயே பாதுகாப்பாக இருந்தன. எனவே இம்மக்கள் ஆயத்தமின்றி இருந்தவர்கள் அல்லர். வேறு பகைகளுக்கு ஆயத்தமாக இருந்தவர்கள். அன்றிரவு அவர்களைக் கொன்றது அவர்களுடைய காப்பே என்பதுதான் இவ்வரலாற்றின் கொடுமை.

இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. கூரை வேய்ந்த குடிசைகளும் இலேசான சுவருடைய சிறு வீடுகளும் பெரும் சேதமின்றித் தப்பின என்பதைப் பொறியாளர்கள் பதிவு செய்துள்ளனர். கல்வீடு கட்ட வசதியற்ற ஏழ்மையே சிலருக்கு அரணாயிற்று. சுவர்கள் சரிந்த பின்னும் பல வீடுகளில் மரச்சட்டகம் நிமிர்ந்தே நின்றமையும் குறிப்பிடத்தக்கது.

மக்களின் அறியாமையைப் பேசுவோர் அறிஞர்தம் வரைபடத்தையும் நோக்குதல் வேண்டும். அந்நாளில் நடப்பிலிருந்த நிலநடுக்க மண்டல வரைபடத்தில் இப்பகுதி முதலாம் மண்டலம், அதாவது இடர் மிகக் குறைந்த மண்டலம். 1992ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கில்லாரிப் பகுதியில் சிறு அதிர்வுகள் பலமுறை உணரப்பட்டு மக்களிடையே அச்சம் எழுந்தது. அவை ஓய்ந்தன, வரைபடம் மாறவில்லை. கல்லும் மண்ணும் கொண்ட கட்டடங்களின் நிலநடுக்கத் தாங்குதிறனை மேம்படுத்துவதற்கான இந்தியத் தர நெறிமுறையும் அதே 1993ஆம் ஆண்டைச் சேர்ந்ததே. முதலாம் மண்டலம் 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் நீக்கப்பட்டது. லாத்தூர் மூன்றாம் மண்டலத்தில் சேர்ந்தது.

பின்னர் நிகழ்ந்த மறுவாழ்வுப் பணியில் இருவகைப் போக்குகளைக் காணமுடிகிறது. உலக வங்கியின் கடனுதவியோடு, மிகுதியாக அழிந்த ஊர்கள் புதிய இடங்களுக்கு மாற்றப்பட்டன. நில உடைமைக்கு ஏற்ப 250, 400, 750 சதுர அடி என வீடுகள் வழங்கப்பட்டன. நிலமற்றவருக்குச் சிறியது, பெருநிலக்கிழாருக்குப் பெரியது. நிலநடுக்கம் அரைநிமிடத்தில் கலைத்த ஏற்றத்தாழ்வை ஒதுக்கீட்டுப் பட்டியல் மீண்டும் நிறுவியது என்றே இக்கட்டுரையாளர் கருதுகிறார்.

மற்றொன்று, இடம் மாற்றாமல் பழைய வீடுகளையே பழுதுபார்த்து வலுப்படுத்திய திட்டம். ஏறத்தாழ இரண்டு இலட்சம் வீடுகளைத் தழுவிய இதுவே நம் பொருளுக்கு நெருக்கமானது. கூரை மண்ணைக் குறைத்தல், சுவரின் இரு முகங்களையும் இணைக்கும் கற்களைச் செருகுதல், தூணும் உத்தரமும் கூடுமிடத்தில் சாய்வுமரம் பொருத்துதல் ஆகியவை பரிந்துரைக்கப்பட்டன. இவற்றுள் எதற்கும் அரிய பொருள் தேவையில்லை. மண்வெட்டியும் கொத்தனும் போதும். ஆனால் கல்வீட்டின்மீது மக்களுக்கு ஏற்பட்ட வெறுப்பு, கான்கிரீட்டே காப்பு என்னும் புதிய நம்பிக்கையாக மாறியிருந்தது. பழைய சுவரைத் திருத்துவதைவிட அதைத் துறப்பதையே பலர் விரும்பினர்.

இத்திட்டத்தில் ஊர்ப் பெண்களைக் குழுக்களாகத் திரட்டி, வீட்டிற்கும் பொறியாளருக்கும் இடையே நிற்கச் செய்தது 'சுவயம் சிக்ஷண் பிரயோக்' என்னும் தன்னார்வ அமைப்பு. பணம் எதற்குச் செலவாகிறது, சிமெண்ட் எவ்வளவு வந்தது, கொத்தன் இணைப்புக்கல் இட்டானா என்பவற்றை இப்பெண்கள் கேட்டறிந்தனர். 2001ஆம் ஆண்டு கட்சு நிலநடுக்கத்திற்குப் பின் லாத்தூர்ப் பெண்கள் குசராத்து சென்று தம் பட்டறிவைப் பகிர்ந்தனர். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் அவ்வமைப்பின் பணி தமிழகக் கடலோர ஊர்களையும் எட்டியது. மராத்திப் பெண்களின் அந்த அறிவு தமிழ் மீனவப் பெண்களிடம் எச்சொற்களில் வந்து சேர்ந்தது, 'முன்னேற்பாடு' என்பதற்கு அவர்கள் தம் வழக்கில் எதைச் சொன்னார்கள் என்பன கள ஆய்வாளர்கள் இனித் தொகுக்க வேண்டியவை. அன்று பேசியவர்களும் கேட்டவர்களும் பலர் இன்றும் நம்மிடையே உள்ளனர்.