ஆளில்லாத வடக்கு: கியூபெக்கில் ஒரு கட்சியின் வளர்ச்சிக் கனவு

2012 ஏப்ரல் 20. மாண்ட்ரியல் நகரின் மாநாட்டு அரங்கம். உள்ளே கியூபெக் லிபரல் கட்சி அரசின் ‘வடக்குத் திட்ட’த்துக்கான கண்காட்சி. வெளியே கல்விக் கட்டண உயர்வை எதிர்த்து மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்த மாணவர்கள், போலீஸ், கண்ணீர்ப்புகை. உள்ளே மேடையேறிய மாகாணப் பிரதமர் ஜான் ஷாரே, வெளியே கதவைத் தட்டுகிறவர்களுக்கும் ஒரு வேலை கொடுக்கலாம், வடக்கே, முடிந்தவரை வெகுதூரத்தில் என்று நகைச்சுவை செய்தார். தொழிலதிபர்கள் சிரித்தார்கள்.

இந்த ஒரு சிரிப்பைத்தான் இங்கே வாசித்துப் பார்க்க விரும்புகிறேன். சற்று முன்வரை ‘எதிர்காலம்’ என்று விற்கப்பட்ட நிலம் ஒரே நொடியில் நாடுகடத்தும் இடமாக மாறிவிடுகிறது. இரண்டும் எப்படி ஒரே வாயில் வருகின்றன? அங்கே ஆளே இல்லை என்கிற நினைப்பு இரண்டுக்கும் அடியில் இருப்பதால்தான்.

இதில் எனக்கும் ஒரு கணக்கு தீர்க்க வேண்டியிருக்கிறது. தமிழ் படித்தவன், தமிழ்வழிக் கல்விக்காகக் கூட்டம் போட்டவன் என்ற முறையில் கியூபெக் எனக்கு ஒரு முன்னுதாரணம். ஆங்கிலக் கடலுக்கு நடுவே பிரெஞ்சைக் கல்வியிலும் அலுவலகத்திலும் கடைப் பலகையிலும் கட்டாயமாக்கிய 1977ஆம் ஆண்டின் 101ஆம் சட்டத்தை எத்தனை மேடைகளில் எடுத்துக்காட்டியிருக்கிறேன்! அந்தச் சட்டத்தில் இன்றைக்கும் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் அந்த மொழித்தேசியம் எந்த ஆற்றின் மேல் தன் பொருளாதாரத்தைக் கட்டியது என்று நான் கேட்டுப் பார்த்ததே இல்லை. கேட்கத் தோன்றாமல் போனது தற்செயல் அல்ல.

1962 தேர்தலில் லிபரல் கட்சித் தலைவர் ழான் லெசாஜின் முழக்கம் ‘நம் வீட்டில் நாமே எசமானர்’ என்பது. ஆங்கிலேய முதலாளிகள் கையிலிருந்த மின் நிறுவனங்களை அரசுடைமையாக்க மக்களிடம் ஒப்புதல் கேட்ட தேர்தல் அது. அதை முன்னின்று நடத்திய அமைச்சர் ரெனே லெவெக், பின்னாளில் கட்சியை விட்டு வெளியேறிப் பார்ட்டி கியூபெக்வாவைத் தொடங்கியவர். ஒடுக்கப்பட்ட ஒரு மொழியினம் மின்சாரத்தைக் கையில் எடுத்ததன் வழியாகத் தன்னை ஒரு தேசமாகக் கற்பனை செய்துகொண்டது. இதில் நியாயம் உண்டு. ஆனால் ‘வீடு’ என்ற சொல்லின் எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது?

வரலாற்றைப் பார்ப்போம். 1670இல் இங்கிலாந்து மன்னர் ஹட்சன் விரிகுடாவில் நீர் வடியும் நிலம் முழுவதையும் ஒரு மென்மயிர் வணிகக் கம்பெனிக்குப் பட்டயம் எழுதிக் கொடுத்தார். 1870இல் அது கனடாவுக்குப் போனது. கம்பெனிக்குக் கிடைத்த ஈட்டுத்தொகை 3 லட்சம் பவுண்டு. அதில் ஒரு பகுதியைக் கனடா 1898இலும் 1912இலும் கியூபெக்கோடு சேர்த்தது. மாகாணத்தின் வடபாதி இப்படிக் காகிதத்தில் கைமாறி வந்ததுதான். அங்கே வேட்டையாடி, மீன்பிடித்து வாழ்ந்துகொண்டிருந்த க்ரீ, இனுயிட் மக்களுக்கு இந்தக் கைமாற்றல் எதுவும் சொல்லப்படவில்லை. 1912ஆம் ஆண்டுச் சட்டத்தில் மட்டும் ஒரு நிபந்தனை இருந்தது: அங்குள்ள ‘இந்தியர்’களின் உரிமைகளை அங்கீகரித்து, ஒப்பந்தம் செய்தே நிலத்தை எடுக்க வேண்டும். அறுபது ஆண்டுகள் அதை யாரும் தூசி தட்டவில்லை.

1970 தேர்தலில் ஒரு லட்சம் வேலை என்று வாக்குறுதி தந்து ஆட்சிக்கு வந்தார் லிபரல் தலைவர் ரோபேர் பூராசா. 1971 ஏப்ரல் 30 அன்று, வெற்றியின் முதலாண்டு நிறைவுக்காகக் கூட்டிய கட்சிக் கூட்டத்தில் ஜேம்ஸ் விரிகுடா நீர்மின் திட்டத்தை அறிவித்தார். ‘நூற்றாண்டின் திட்டம்’ என்று பெயர். இடத்தைக் கவனியுங்கள்: சட்டமன்றம் அல்ல, கட்சி மேடை. க்ரீ மக்கள் தங்கள் ஆறுகள் அணைகளாகப் போகும் செய்தியைப் பத்திரிகையிலும் வானொலியிலும்தான் தெரிந்துகொண்டார்கள். தலைமுறைகளாகப் பிரிந்து பிரிந்து வேட்டைக்குப் போய்க்கொண்டிருந்த ஊர்கள் முதல்முறையாக ஒன்றுகூடித் தங்களை ஓர் அரசியல் சமூகமாகக் கண்டுகொண்டதும் அந்த ஆண்டுதான். ஒரு தேசியம் தன் வளர்ச்சிக்காகப் போட்ட திட்டம், தன்னையறியாமல் தன் எல்லைக்குள்ளேயே இன்னொரு தேசியத்தை உருவாக்கிவிட்டது.

வழக்கு நீதிபதி அல்பேர் மாலூஃப் முன் வந்தது. 1972 டிசம்பரில் தொடங்கிய விசாரணை பல மாதங்கள் நடந்தது. வேட்டைக்காரர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். அவர்களில் ஒருவரிடம் உண்மையே சொல்வதாகச் சத்தியம் செய்யச் சொன்னபோது, உண்மையைச் சொல்ல முடியுமா என்று தெரியாது, எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்ல முடியும் என்ற பொருளில் அவர் பதில் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. மானுடவியல் எழுத்தைப் பற்றிய 1986ஆம் ஆண்டுத் தொகுப்பொன்றின் முன்னுரையில் ஜேம்ஸ் கிளிஃபோர்ட் இதை எடுத்தாள்கிறார். கோட்பாட்டாளர்களுக்கு இது ‘பகுதி உண்மை’ என்பதற்கு உதாரணம். ஆனால் நீதிமன்றத்தில் அந்த நேரத்தில் எதிரே நின்றது எது? எல்லாம் தெரிந்ததாகச் சொல்லிக்கொள்ளும் பொறியாளரின் வரைபடம். தனக்குத் தெரிந்த ஆற்றை மட்டும் பேசுகிறவனுக்கும், போகாத ஆற்றையும் மெகாவாட்டாகப் பேசுகிறவனுக்கும் இடையே நடந்த வழக்கு அது.

1973 நவம்பர் 15 அன்று மாலூஃப், 1912ஆம் ஆண்டு நிபந்தனையை முன்வைத்து வேலையை நிறுத்தச் சொன்னார். ஒரே வாரம். மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை விலக்கியது. கியூபெக் மக்களின் பொதுநலமா, சில ஆயிரம் பேரின் நலமா என்று தராசு பிடித்தது. ‘பொது’ என்ற சொல்லுக்குள் யார் எண்ணப்படுகிறார்கள் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

அணை எழும்பிக்கொண்டே இருக்க, பேச்சுவார்த்தை நடந்தது. 1975 நவம்பர் 11 அன்று ஒப்பந்தம். 22.5 கோடி டாலர் ஈட்டுத்தொகை, சில நிலங்களில் தனி உரிமை, வேட்டைத் தொழிலாளருக்கு வருமான உத்தரவாதம், கல்வியிலும் உள்ளாட்சியிலும் அதிகாரம். பதிலுக்கு, அந்த நிலப்பரப்பின் மீதான பூர்வீக உரிமைகள் அனைத்தையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. புல்டோசர் ஓடிக்கொண்டிருக்கும்போது போடும் கையெழுத்துக்கு ‘சம்மதம்’ என்று பெயர் வைக்கலாமா? தெரிந்தேதான் கேட்கிறேன்.

1976இல் ஆட்சி பார்ட்டி கியூபெக்வாவுக்கு மாறியது, திட்டம் மாறவில்லை. 1979இல் லா கிராந்த் ஆற்றின் பெரிய மின்நிலையத்தைத் திறந்துவைத்தவர் லெவெக்தான். அதற்கு இன்று பூராசாவின் பெயர். எதிரெதிர்க் கட்சிகள் என்கிறோம். வடக்கைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே பிரதியைத்தான் வாசித்தன.

நீரில் மூழ்கிய நிலம் பத்தாயிரம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். ஃபோர்ட் ஜார்ஜ் தீவில் இருந்த ஊர் பெயர்க்கப்பட்டு சிசாசிபி ஆனது. மூழ்கிய மண்ணும் தாவரமும் அழுகும்போது நுண்ணுயிர்கள் பாதரசத்தை மீத்தைல் பாதரசமாக மாற்ற, அது மீனில் சேர்ந்து, மீனிலிருந்து மனித உடலுக்கு ஏறியது. நிலத்தை இழந்த பின்னும் கையில் மிஞ்சியிருந்தது மீன் ஒன்றுதான். அதையும் அளந்து சாப்பிடச் சொன்னார்கள். 1984இல் கனியாபிஸ்கோ ஆற்றைக் கடக்கையில் சுமார் பத்தாயிரம் கரிபூ மான்கள் மூழ்கி இறந்தன. கனமழை என்றது மின்வாரியம். நீர்த்தேக்கத்திலிருந்து திறந்த தண்ணீர் என்றார்கள் இனுயிட் மக்கள்.

1985இல் மீண்டும் ஆட்சிக்கு வந்த பூராசா கிரேட் வேல் ஆற்றுக்கு வந்தார். இம்முறை எதிர்ப்பு மின்சாரம் வாங்குகிறவன் வாசலுக்கே போனது. பாதி க்ரீ படகு, பாதி இனுயிட் படகு என்று இணைத்துக் கட்டிய ‘ஒடேயாக்’கைத் துடுப்பிட்டு, 1990 ஏப்ரலில் புவிநாளன்று நியூயார்க் சேர்ந்தார்கள். 1992இல் நியூயார்க் ஒப்பந்தம் ரத்தானது. 1994இல் ழாக் பாரிசோ திட்டத்தைக் கிடப்பில் போட்டார்.

அடுத்த ஆண்டு கியூபெக் தனிநாட்டுக்கான வாக்கெடுப்பு. அதற்குச் சில நாள் முன்பு, 1995 அக்டோபர் 24 அன்று, க்ரீ மக்கள் தங்களுக்கென்று ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். 96 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் தங்கள் சம்மதமில்லாமல் தங்களையும் தங்கள் நிலத்தையும் கனடாவிலிருந்து பிரிக்கக் கூடாது என்றார்கள். சுயநிர்ணயம் கேட்டவனிடம் அவன் வீட்டு உள்ளறையிலிருந்தே அதே சுயநிர்ணயக் குரல். கனடாமீது காதல் என்று இதை வாசித்தால் தவறு. தேசியத்தின் தருக்கத்தைத் தேசியத்திடமே திருப்பிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

2011 மே 9 அன்று ஷாரே அறிவித்த வடக்குத் திட்டத்தின் மொழி வேறு. 25 ஆண்டு, 8,000 கோடி டாலர், 49ஆம் அகலக்கோட்டுக்கு வடக்கே 12 லட்சம் சதுர கிலோமீட்டர். அதாவது மாகாணத்தின் 72 விழுக்காடு. சுரங்கம், மின்சாரம், சாலை, துறைமுகம். கூடவே, பாதி நிலத்தைத் தொழிலுக்குத் தராமல் காப்போம், பழங்குடியினர் நமக்குக் ‘கூட்டாளிகள்’. முதலில் இல்லாதவர்களாக இருந்தவர்கள் இப்போது கூட்டாளிகள். அதிகாரம் சொல்லை மாற்றிக்கொள்ளக் கற்றுக்கொண்டுவிட்டது. அங்கே வாழ்கிற 1,20,000 பேரில் ஏறத்தாழ 33,000 பேர் பூர்வகுடிகள்.

இங்கே நாம் ஒரு வசதியான கதைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளக் கூடாது. பூர்வகுடி என்றால் எப்போதும் எதிர்ப்பு என்பதும் நாம் அவர்கள்மேல் போர்த்தும் போர்வைதான். 2002இல் க்ரீ தலைமை, 50 ஆண்டுகளில் 350 கோடி டாலர் வருமானப் பங்குக்கு ஈடாக ரூபர்ட் ஆற்றைத் திசைமாற்ற ஒப்புக்கொண்டு பார்ட்டி கியூபெக்வா அரசுடன் கையெழுத்திட்டது. நேரடியாகப் பாதிக்கப்பட இருந்த மூன்று ஊர்கள் 2006இல் வாக்கெடுத்து எதிர்த்தும் 2009இல் ஆறு திரும்பியது. பேரம் பேசும் உரிமையும் உரிமைதான். ஆனால் பேரம் பேசும் மையத்துக்கும் தண்ணீர் ஏறும் ஊருக்கும் இடையே அவர்களுக்குள்ளும் ஒரு விளிம்பு உருவாகிவிட்டது. 2012இல் ஷாரே சிரித்த அதே வாரத்தில், செத்-தீல் அருகிலிருந்து நெடுந்தூரம் நடந்து மாண்ட்ரியல் வந்து சேர்ந்த இன்னு பெண்களும் அப்படி ஒரு விளிம்பிலிருந்து வந்தவர்கள்தாம்.

அந்த ஆண்டு செப்டம்பர் தேர்தலில் ஷாரே சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். 2015இல் லிபரல் கட்சி திட்டத்தை மறுபடி தூக்கி நிறுத்தியது. வாக்குகள் தெற்கில் இருக்கும்வரை, வடக்கு என்பது தெற்குக்குத் தரப்படும் வாக்குறுதியாகவே இருக்கும்.

நம் நீலகிரியின் குந்தா மின்திட்டம் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவியோடு கட்டப்பட்டது. அதை நான் மின்னுற்பத்தி அளவாகத்தான் படித்து மனப்பாடம் செய்தேன். அந்த மலையில் யார் இருந்தார்கள் என்று என்னிடம் எந்தத் தேர்விலும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மொழிக்காகப் பேசுவதை நான் நிறுத்தப்போவதில்லை. ஆனால் இனி மேடையில் 101ஆம் சட்டத்தைச் சொன்னால், அதே மூச்சில் 1975 ஒப்பந்தத்தையும் சொல்லியாக வேண்டும். கேட்டுவிட்டு யாராவது கைதட்டாமல் போனால், போகட்டும்.